கேட்டால்தான் அவுட்

ஆஃப் ஸ்பின் போடுகிறவனின் பிழைப்பு, கேட்டு வாங்குகிற பிழைப்பு. பந்து ஸ்டம்புக்கு நேராக ஆட்டக்காரரின் காலில் பட்டு, அவுட் என்று உலகத்துக்கே தெரிந்தாலும், பந்து போட்ட அணியில் யாராவது ஒருவர் அம்பயரைப் பார்த்து ‘ஹவ்ஸாட்’ என்று கேட்டால்தான் அவர் விரலைத் தூக்குவார். கேட்காவிட்டால், மனதுக்குள் அவுட் என்று தெரிந்தே பேசாமல் நிற்பார். அடுத்த பந்துக்கு ஓடத் தொடங்கும்வரை கேட்கலாம், ஓடத் தொடங்கிவிட்டால் போனது போனதுதான்.

நான் பல்கலைக்கழக அணியில் மூன்று வருடம் ஆடினேன். மாநில அணிக்காக இரண்டே இரண்டு முதல்தர ஆட்டம். அப்புறம் பதினாறு வருடம் சிங்கப்பூரில் இரவு வேலை. அந்த இரண்டு ஆட்டத்தின் பதிவில் என் பெயருக்கு நேரே, விக்கெட் என்ற கட்டத்தில், பூஜ்யம் இருக்கிறது. அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது, வந்த பிறகு என்னை என்ன செய்தது என்பதுதான் கதை. கேட்க வாய் வராமல் எதையாவது கோட்டை விட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நம் ஆட்களுக்குத்தான் இது புரியும்.

கிட் பேக்

பல்கலைக்கழக அணிக்கு நான் ஆடிய முதல் ஆட்டத்தில், மட்டையில் உரசி கீப்பர் கைக்குப் போன மாதிரி இருந்த ஒரு பந்துக்குத் தொண்டை கிழியக் கத்தினேன். நான் மட்டும்தான் கத்தினேன். அம்பயர் தலையை ஆட்டிவிட்டார். எங்கள் கேப்டன் சேவியர் ஸ்லிப்பிலிருந்து நடந்து வந்து என் தோளில் கை போட்டு, மூன்றாம் ஆள் காதில் விழாதபடி, அணியின் வழக்கத்தைச் சொன்னார். ஜூனியர்கள் அப்பீல் செய்யக் கூடாது. கண்ட பையனும் கத்தினால் அம்பயருக்கு எரிச்சல் வரும், பிறகு கேப்டன் நியாயமாகக் கேட்பதும் கிடைக்காது.

வழக்கத்தை மீறினால் தண்டனையும் உண்டு. அந்தப் பயணம் முழுக்க அணியின் கிட் பேக்கை ரயில் நிலையத்திலிருந்து லாட்ஜுக்கும், லாட்ஜிலிருந்து மைதானத்துக்கும் நான்தான் சுமந்தேன். பதினொரு பேருடைய பேடும் மட்டையும் அதற்குள் இருந்தன. மூன்றாவது நாள் தோள் வீங்கியதைப் பார்த்துச் சேவியரே தைலம் தேய்த்துவிட்டார். நல்ல மனுஷன். தேய்த்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, நீ பந்தப் போடு. கேக்குறதுக்கு நான் இருக்கேன்.”

யாரையும் கேட்க வேண்டாத விக்கெட்

எனக்குப் பயிற்சியாளர் என்று யாரும் இருந்ததில்லை. விடுதிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் சுவர் இருந்தது. அதில் கரிக்கட்டையால் மூன்று கோடு போட்டு, தேய்ந்த பந்தை விரல் தோலுரியும்வரை எறிந்து கற்றுக்கொண்டதுதான் என் ஸ்பின். கிட் பேக்கைச் சுமந்த பிறகு என் குறி மாறியது. காலில் பட்டால் கேட்க வேண்டும், மட்டையில் உரசினால் கேட்க வேண்டும். ஸ்டம்பு எகிறினால் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம், ஆட்டக்காரர் தானாகவே நடையைக் கட்டுவார். அதனால் நான் ஸ்டம்பை மட்டுமே பார்த்துப் போட ஆரம்பித்தேன்.

மண்டல ஆட்டமொன்றில் ஒரே மதியத்தில் ஏழு விக்கெட் எடுத்தேன். ஏழும் போல்டு. கடைசி ஸ்டம்பு இரண்டு முறை குட்டிக்கரணம் போட்டு விழுந்தபோது எதிரணியின் பயிற்சியாளரே எழுந்து நின்று கை தட்டினார். அன்று சாயங்காலம் சேவியர் என் கையிலிருந்த பையைப் பிடுங்கித் தானே தூக்கிக்கொண்டார். அந்த நடையை இப்போது நினைத்தாலும் முதுகு நிமிர்ந்துவிடுகிறது. மாநில அணிக்கு ஆள் பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர் ஸ்கோர் புத்தகத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஏழும் போல்டா? ஏம்ப்பா, கூட நிக்கிற பத்துப் பேரு மேல உனக்கு என்ன கோபம்?”

தேநீர் இடைவேளை

மாநில அணியின் ஆஃப் ஸ்பின்னருக்கு அம்மை போட்டது. எனக்குத் தந்தி மாதிரி ஒரு ஃபோன் வந்தது. தேர்வை விட்டுவிட்டு ஓடினேன் (அந்தத் தேர்வை நான் இன்றுவரை எழுதவில்லை, பட்டமும் வாங்கவில்லை). முதல் ஆட்டத்தை மழை தின்றது, நான்கு ஓவர்தான் போட்டேன். இரண்டாவது ஆட்டத்தில் எதிரே நின்றவர் அன்றைக்கு ஊரெல்லாம் தெரிந்த பெரிய ஆட்டக்காரர். அவருக்கு, திரும்பாமல் நேரே போகிற என்னுடைய ஒரே தந்திரப் பந்தைப் போட்டேன். கீப்பர் பந்து திரும்பும் என்று நம்பி லெக் பக்கம் நகர்ந்து போயிருந்தார். பக்கத்தில் நின்ற ஃபீல்டர் அடிக்குப் பயந்து முதுகைக் காட்டிவிட்டார். பந்து நடு ஸ்டம்புக்கு நேராகக் காலில் பட்டதை முழுசாகப் பார்த்தவர்கள் மூன்றே பேர்: நான், அந்தப் பெரிய ஆட்டக்காரர், அம்பயர்.

அம்பயர் என்னைப் பார்த்தார். நான் கேப்டனைப் பார்த்தேன். கேப்டன் யாரையோ இடம் மாற்றி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என் ஓட்டம் ஏழே அடி. ஏழு அடி திரும்பி நடந்து கோட்டுக்குப் போகும்வரை கேட்க நேரம் இருந்தது. நடந்தேன், திரும்பினேன், ஓடினேன், அடுத்த பந்தைப் போட்டேன். அவர் சதம் அடித்தார். எனக்கு அதற்கப்புறம் அழைப்பு வரவில்லை. அன்றைக்குத் தேநீர் இடைவேளையில் அம்பயர் என் பக்கத்தில் வந்து நின்று, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: “கேட்டிருந்தா குடுத்திருப்பேன். விரல்கூடத் துடிச்சுது.”

மூன்று மாத இரவு

இருபத்தொன்பது வயதில் சிங்கப்பூர் வந்தேன். சாங்கி விமான நிலையத்தில், விமானத்தில் ஏற்றுகிற சரக்கை அடுக்கிக் கட்டும் வேலை. என் ஆங்கிலம் முழுக்கப் பெட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டுகளில் படித்தது. ‘கவனம், உடையும்’, ‘இந்தப் பக்கம் மேலே’ என்பவற்றை அழகாகச் சொல்வேன். சேர்ந்த அன்று சூப்பர்வைசர் மேடம் கோ, “மூணு மாசம் நைட் பாரு, அப்புறம் பகலுக்கு மாத்துறேன்” என்றார். மூன்று மாதம் முடிந்தது. அவர் மாற்றவில்லை, நான் கேட்கவில்லை. அப்படியே பதினாறு வருடம்.

இரவு வேலைக்காரனுக்கு ஊர் எப்போதும் எதிர்த் திசையில்தான் வரும். காலையில் எல்லோரும் சட்டை மடிப்புக் கலையாமல் ரயிலேறும்போது நான் அழுக்கு பூட்ஸுடன் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் கதவு கண்ணெதிரே மூடும், ‘ஒரு நிமிஷம்’ என்று சொல்ல வாய் வராது, அடுத்ததற்கு நிற்பேன். வீட்டுக்குள் போனதும் கறுப்புத் திரையை இழுத்துவிட்டுப் படுப்பேன். வெயில் என்பது அந்தத் திரையின் ஓரத்தில் தெரிகிற ஒரு கோடு. என்னுடன் வேலை செய்யும் செல்வம் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன், எதையும் கேட்கக் கூச்சப்படாதவன். அவன் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டான்: “அண்ணே, பகல் ஷிஃப்ட் குடுங்கன்னு கேட்டா மேடம் என்ன கடிச்சா வெச்சிடுவாங்க? கேளுங்க லா.”

கைப்பேசியில் என் சரித்திரம்

செல்வம்தான் என்னை ஞாயிற்றுக்கிழமை அணியில் சேர்த்துவிட்டான். கேப்டன் ஜமால் பாய். இந்தியர் கடைகள் நிறைந்த தேக்காவில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை. அணியிலேயே இரவில் தூங்குகிற ஒரே மனிதர் அவர்தான். மற்ற பத்துப் பேரும் சரக்குக் கொட்டகை, ஹோட்டல் அடுப்படி, காவல் வேலை என்று விடிய விடிய விழித்துவிட்டு நேரே திடலுக்கு வருகிறவர்கள். லீக்கில் கடைசிப் பிரிவு. எனக்கு அது போதும். வாரத்தில் ஒருநாளாவது வெயிலில் என் நிழலை நானே பார்க்கலாம்.

முதல் நாள், கொஞ்சம் பெருமையாகவே, முதல்தர ஆட்டம் ஆடியிருக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். உடனே ஜமால் பாய் எனக்கு ‘யூனிவர்சிட்டி’ என்று பெயர் சூட்டி, புதுப் பந்தையும் கையில் கொடுத்தார். செல்வம் கைப்பேசியில் என் பெயரைத் தேடினான். எல்லா ஆட்டக்காரர்களின் கணக்கும் இப்போது அதில் கிடைக்கிறதாமே, எனக்கு அன்றுதான் தெரியும். பத்துத் தலைகள் அந்தச் சின்னத் திரைக்கு மேல் குனிந்தன. ஆட்டம் இரண்டு, விக்கெட் பூஜ்யம். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. செல்வம் திரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டான்: “அண்ணே, ரெண்டு மேட்ச்லயும் நீங்க கூட்டத்தோட ஒக்காந்து பாத்தீங்களா?”

பேட் கட்டிய தூக்கம்

உலகத்தில் எல்லா அணியும் டாஸில் ஜெயித்தால் ஆடுகளத்தைப் பார்த்து முடிவு செய்யும். நாங்கள் கண்ணைப் பார்த்து முடிவு செய்வோம். முதலில் பந்து போட்டால் வெயிலில் நின்று விழித்திருக்கலாம். முதலில் மட்டை பிடித்தால், ஆடாதவர்கள் மர நிழலில் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் முடிந்தது கதை.

ஒரு ஞாயிறு டாஸில் தோற்றோம். அடுத்து இறங்க வேண்டிய செல்வம் பேட், கையுறை, ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு மடக்கு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தான். விக்கெட் விழுந்தது. செல்வம் எழுந்திருக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் கண் மூடியிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. எங்களில் பாதிப் பேருக்கும் அதே நிலைமைதான். குறித்த நேரத்துக்குள் அடுத்த ஆள் வராவிட்டால், எதிரணி கேட்டால் அவுட். அன்றைய எதிரணியான பூன் லே பையன்கள் மிக மரியாதையாகக் கேட்டார்கள், கிடைத்தது. ஒரு பந்தையும் பார்க்காமல் அவுட்டானவனை உலுக்கி எழுப்பினோம். அவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஆடுகளம்வரை போய்விட்டான். அங்கே பூன் லே கேப்டன் அவனைத் திருப்பி அனுப்பினார்: “ப்ரோ, நீங்க ஏற்கெனவே அவுட். போய் மிச்சத் தூக்கத்தத் தூங்குங்க.”

கேப்டனுக்கே விரல்

கடைசிப் பிரிவில் வெளி அம்பயர் வர மாட்டார். மட்டை பிடிக்கிற அணியின் ஆட்களே மாறி மாறி அம்பயராக நிற்க வேண்டும். சொந்த அணிக்காரனுக்கு எதிராகத் தானே விரல் தூக்க வேண்டிய வேலை அது. பலர் அந்த நேரத்தில் கண்ணில் தூசி விழுந்த மாதிரி நிற்பார்கள்.

அதே பூன் லே ஆட்டத்தில் நான் அம்பயர், மட்டை பிடித்தவர் ஜமால் பாய். பந்து காலில் பட்டது. பூன் லே பையன் பிரவீன், இருபத்து மூன்று வயது இருக்கும், இரண்டு கையையும் விரித்து முழங்கால் போட்டுக் கேட்டான். எனக்கு அவனைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. என்ன சுலபமாகக் கேட்கிறான். நான் விரலைத் தூக்கினேன். ஜமால் பாய் என்னைத் தாண்டிப் போகும்போது நிற்கவில்லை, நடையையும் குறைக்கவில்லை. சொல்லிக்கொண்டே போனார்: “யூனிவர்சிட்டி, இன்னிக்கு ஒனக்குப் பிரியாணி கெடையாது.”

மேடத்தின் மேசை

சீசனின் கடைசி ஞாயிறு வந்தது. கடைசி இடத்தில் இருக்கும் அணியை லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் நாங்கள் இருந்தோம். ஜெயித்தால் ஒருபடி மேலே ஏறித் தப்பிப்போம், தோற்றால் அடுத்த வருடம் எங்களுக்குத் திடல் இல்லை. திடல் இல்லையென்றால் எனக்கு வாரத்தின் ஏழு நாளும் அந்தக் கறுப்புத் திரைதான். எதிரணி மறுபடியும் பூன் லே. ஜமால் பாய் எங்களைக் கடைக்கு வரவழைத்து, துணிக்கட்டுகளுக்கு நடுவே நிற்கவைத்துச் சொன்னார். முந்தின ராத்திரி எப்படியாவது எல்லோரும் தூங்கியிருக்க வேண்டும், லீவு கேளுங்கள் என்றார்.

கேளுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் மேடம் கோவின் மேசைக்கு மூன்று முறை போய், மூன்று முறையும் வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பினேன். நான்காவது முறை, பெட்டிச் சீட்டு ஆங்கிலத்தில், சனிக்கிழமை இரவு ஒன்று மட்டும் லீவு வேண்டும் என்றேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டினார். முடிந்தது என்றார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து இன்னும் என்ன என்றார். மூன்று மாதத்தில் பகலுக்கு மாற்றுவதாகச் சொன்னீர்களே என்று எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஷிஃப்ட் மாற்றுகிற படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “பதினாறு வருஷம் வாயே திறக்கல. உனக்கு நைட்தான் பிடிக்கும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன் லா.”

கடைசி ஞாயிறு

டாஸில் தோற்றோம். முதலில் மட்டை. லீவு கிடைத்தது ஆறு பேருக்குத்தான். மற்றவர்கள் தூங்கிவிடக் கூடாதென்று ஜமால் பாய் நாற்காலிகளையெல்லாம் மடக்கி வேனுக்குள் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஃபிளாஸ்க் ஃபிளாஸ்க்காகப் பால் இல்லாத கோப்பி-ஓ. நின்றுகொண்டே ஆடி நூற்று முப்பத்தெட்டு எடுத்தோம். எங்கள் கணக்குக்கு அது மலை.

பூன் லே பையன்கள் வேகமாக ஏறினார்கள். நான் ஸ்டம்பைப் பார்த்தே போட்டு நான்கு பேரை வீழ்த்தினேன், நான்கும் போல்டு. ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது அவர்களுக்கு இன்னும் மூன்று ரன் வேண்டும். எதிரே அறுபதைத் தாண்டி நின்ற அவர்கள் கேப்டன். பந்து என் கையில். அம்பயராக, ஏற்கெனவே அவுட்டாகியிருந்த பிரவீன். நான் அந்த நேர்ப்பந்தைப் போட்டேன். வேறு எதுவும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. அவர் முன்னால் வந்து தடுத்தார். ‘டொக்’ என்று ஒரு சத்தம். மட்டையில் பட்டுவிட்டது என்று நினைத்து ஸ்டம்புக்குப் பின்னால் கீப்பராக நின்ற செல்வம் தலையில் கை வைத்தான். கவர்ஸில் ஜமால் பாய் கண்ணை மூடிக்கொண்டார். யாரும் கேட்கவில்லை.

ஆனால் நான் பார்த்தேன். சத்தம், மட்டை தரையில் இடித்த சத்தம். பந்து பட்டது காலில், நடு ஸ்டம்புக்கு நேரே. செல்வம் பந்தைப் பொறுக்கி என்னிடம் போட்டான். நான் கோட்டுக்குத் திரும்பி நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று அடி. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? நான்கு, ஐந்து. சொந்தக் கேப்டனுக்கு எதிராக, மூன்று ரன்னில் ஜெயிக்கப்போகிற நேரத்தில், அந்தப் பையன் எதற்கு விரல் தூக்க வேண்டும்? ஆறு. வீங்கிய தோளும், தேநீரில் நனைந்த பிஸ்கட்டும், ஒரு விரலும் ஞாபகத்துக்கு வந்தன. ஏழாவது அடியில் கோட்டின் மேல் நின்றேன். பிரவீன் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். இனி ஓடத் தொடங்கினால் போச்சு. நான் ஓடவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக உள்ளே கிடந்ததையெல்லாம் சேர்த்து, அவன் முதுகைப் பார்த்து, “ஹவ்ஸாட்” என்றேன்.

பிரவீன் துள்ளி விழுந்தான், தொப்பி கழன்று தரையில் போய் விழுந்தது. திடலுக்கு வெளியே சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். பூன் லே கேப்டன், பந்து எப்போதோ போட்டாயிற்றே என்பதுபோல என்னைப் பார்த்தார். பிரவீன் குனிந்து தொப்பியை எடுத்தான், மண்ணைத் தட்டினான், தலையில் வைத்தான். பிறகு தன் கேப்டனின் முகத்தைப் பார்க்காமல் விரலைத் தூக்கினான்.

செல்வம் எங்கிருந்து ஓடிவந்தானோ, என்னை மூட்டையைப் போலத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஜமால் பாய், கேப்டனுக்கே விரல் தூக்கியதற்காக நிறுத்தி வைத்திருந்த பிரியாணியையும் சேர்த்து எனக்கு இரண்டு பொட்டலம் என்று அறிவித்தார். கை குலுக்குகிற வரிசையில் பிரவீன் முன்னால் வந்தபோது, தம்பி உனக்கு உன் ஆட்களிடம் திட்டு விழுமே என்றேன். அவன் காதைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: “அவுட்னா அவுட்தான் அங்கிள், நீங்க கேப்பீங்கன்னுதான் நின்னேன். ஆனா பக்கத்துலதானே நிக்கிறேன், கொஞ்சம் மெதுவா கேட்டிருக்கலாம்.”

முதல்தரக் கணக்கில் அந்தப் பூஜ்யம் இன்றைக்கும் பூஜ்யமாகவே இருக்கிறது என்றாலும், மேடம் கொடுத்த படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு இப்போதெல்லாம் பகல் ஷிஃப்டுக்குப் போகிறேன், எங்கள் புளோக்கில் லிஃப்ட் கதவு மூடப் பார்த்தால் உள்ளே இருப்பவர்கள் திடுக்கிடுகிற அளவுக்குக் கேட்கிறேன்.